பொறுமை கேட்டேன், சோதனைதான் வந்தது: வேண்டுதலும் பதிலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் திங்கட்கிழமை சாயங்காலம் கூடித் தேவாரம் ஓதுகிறோம். மாதக் கடைசி ஞாயிறு ஏதாவது ஒரு பழைய கோயிலில் உழவாரப் பணி, அதாவது புல் செதுக்கிச் சுத்தம் செய்கிற தொண்டு. ஓதி முடித்து, தொன்னையில் சுண்டல் கைக்கு வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும், அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பதில்கள் என்னுடையவை. பெரும்பாலும் நாயன்மார் வரலாற்றிலிருந்து சொல்கிறேன், எனக்குத் தெரிந்த வீடு அதுதான்.

பொறுமை வேண்டும் என்று கேட்டேன். அன்றிலிருந்து பொறுமையைச் சோதிக்கிற மாதிரியே எல்லாம் நடக்கிறது. இது என்ன பதில்?

இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம். திருவதிகைச் சன்னதியில் நின்று ஒவ்வொரு திங்களும், 'கோபம் குறையணும், பொறுமை வேணும்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உடம்பின் வலப்பக்கம் போனதோடு ஞாபகமும் தப்பிப்போனது. காலை ஆறு மணிக்குக் கண் விழித்ததும் 'பால்காரன் வந்தானா?' என்று கேட்பார். வந்தான் என்போம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் 'பால்காரன் வந்தானா?' ராத்திரி ஒன்பது மணிக்கும் அதே கேள்வி, அதே குரல், ஏதோ அன்றைக்கு முதல்முறை கேட்கிற மாதிரி அதே கவலை.

முதல் மூன்று மாதம் நான் கத்தினேன். ஒருநாள் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்ததில் பால் என் கால்மேலேயே சிந்தியது. அப்பா பயந்துபோய் இடது கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்தக் கை போர்வையைப் பிடித்த விதம் இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

பொறுமை என்பது கொண்டுவந்து கையில் கொடுக்கிற பொருளாக இருந்தால் சுவாமி கொடுத்திருப்பார். ஓதுவாரிடம் போய் 'ஐயா, எனக்குப் பாடச் சொல்லிக்கொடுங்கள்' என்றால் அவர் என்ன செய்கிறார்? ஒரே அடியை நாற்பது தடவை பாடச் சொல்கிறார், தாளம் தப்பினால் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். அதுதான் அவர் சொல்லிக்கொடுப்பது, அதைத் தவிர வேறு வழி அவரிடமும் கிடையாது. குணத்தைக் கேட்டால் அந்தக் குணம் பழகுவதற்கான இடம் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்த இடம் அப்பாவின் கட்டில் ஓரம்.

அப்படியென்றால், உங்களுக்குப் பொறுமை வரவேண்டும் என்பதற்காகக் கடவுள் உங்கள் அப்பாவைப் படுக்கவைத்தாரா?

இல்லை, அப்படி நான் நம்பவில்லை. அப்பாவுக்கு இருபது வருஷமாக ரத்தக்கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். அவர் படுத்ததற்குக் காரணம் அது. என் வேண்டுதல் அவர் நோயை வரவழைக்கவில்லை. ஆனால் நோய் வந்தபின், நான் வேண்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது 'இதைத்தானே கேட்டாய்' என்று உள்ளே ஒரு குரல். அந்த ஞாபகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷமும் எனக்கு வெறும் தொல்லையாகவே போயிருக்கும்.

எல்லாத் துன்பமும் பாடம் நடத்த வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை ஒன்று இறந்துபோன வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எங்கேயும் சொல்வதில்லை.

ஆனால் அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோயை, அந்தக் கொடிய வயிற்றுவலியை, கொடுத்ததே சிவபெருமான்தான் என்று பெரியபுராணம் சொல்கிறதே?

ஆமாம், சொல்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அந்தக் கதையில் வேண்டிக்கொண்டவர் அப்பர் இல்லை.

திருவாமூரில் புகழனார், மாதினியார் பிள்ளைகள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். இந்த மருணீக்கியார்தான் பின்னாளில் அப்பர். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அப்பா போனார், அம்மாவும் போனார், போர்க்களத்தில் கலிப்பகையாரும் போனார். உயிரை விட்டுவிட நினைத்த திலகவதியார், தம்பிக்காகத்தான் உயிர் தாங்கி இருந்தார். அந்தத் தம்பி சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம், தருமசேனர் என்று பெரிய பெயரோடு இருந்தார். அக்கா திருவதிகைக்கு வந்து கோயிலில் கூட்டி மெழுகிக்கொண்டு தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். பதில் கனவில் வந்தது: சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று. இது ஏழாம் நூற்றாண்டுக் கதை, சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில்.

வயிற்றில் வலி வந்த தருமசேனர் என்ன செய்தார் பாருங்கள். முதலில் சமையல்காரரை அனுப்பி அக்காவை வரச்சொன்னார். அக்கா வரமறுத்துவிட்டார். இந்த இடம் எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும். வருஷக்கணக்கில் காத்திருந்த தம்பியிடமிருந்து ஆள் வந்திருக்கிறது, வலியில் துடிக்கிறான் என்கிறது, ஓடிப் போகத்தான் கால் எழும். திலகவதியார் போகவில்லை. அதனால் தம்பி ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை உடுத்துத் தானே நடந்து திருவதிகைக்கு வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். பிறகு விடியுமுன் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கோயிலுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அங்கே பிறந்ததுதான் 'கூற்றாயினவாறு' பதிகம், நான்காம் திருமுறையின் முதல் பதிகம்.

சூலை தண்டனையா பதிலா என்று கேட்டால், எனக்குப் படுவது இது. அக்காவுக்கு அது பதில். தம்பிக்கு அந்த நேரத்தில் அது வலி மட்டும்தான். அது பதில் என்பது அவருக்குக் கோயில் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சூலையில் துடிக்கும்போது நாம் சேக்கிழார் ஆகிவிடக்கூடாது.

இன்னொன்று: அக்காவின் வேண்டுதலுக்கும் விலை இருந்தது. தம்பி வலியில் இருக்கும்போது போகாமல் நிற்கிற உறுதி. ஒருவருக்காக வேண்டிக்கொள்கிறவர்கள், அவர் கஷ்டப்படும்போது ஓடிப்போய்க் கஷ்டத்தை எடுத்துவிடவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் நிற்கவேண்டி வரும். பிள்ளை குடியை விடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

'என்னால் தாங்க முடியவில்லை' என்று சுவாமியிடம் சொல்வது நம்பிக்கைக் குறைவா?

அப்பரே சொல்லியிருக்கிறார். அந்த முதல் பாட்டிலேயே 'ஆற்றேன் அடியேன்' என்கிறார், தாங்கமுடியவில்லை என்று. வயிற்றுக்குள் குடலைச் சுருட்டி முடக்குகிறது என்று இடம்கூடச் சொல்லி அழுகிறார். பத்துப் பாட்டிலும் ஒரு இடத்திலாவது 'இந்த வலியால் எனக்கு ஞானம் வருகிறது, நன்றி' என்று சொல்லவில்லை.

கோபமும் படலாம். வேதாரண்யத்தில், திருமறைக்காட்டில், மூடிக்கிடந்த கதவு திறக்க அப்பர் பாடினார். பத்துப் பாட்டுப் பாடியும் திறக்கவில்லை. பதினொன்றாவது பாட்டில் 'இரக்கம் ஒன்றிலீர்' என்று நேராகவே கேட்டுவிட்டார், அப்புறம்தான் திறந்தது. கதவு மறுபடி மூட சம்பந்தர் பாடியபோது ஒரே பாட்டில் மூடிக்கொண்டது. அப்பர் அதற்காக வருந்தினார் என்று சேக்கிழார் மறைக்காமல் எழுதுகிறார். நமக்கு மட்டும் தாமதமாகிறதே என்ற வருத்தம் அவருக்கே வந்திருக்கிறது என்றால் நமக்கு வந்தால் என்ன தப்பு?

நாலு வருஷமாகக் கேட்கிறேன். பதிலே இல்லை. இல்லையென்று எடுத்துக்கொள்வதா?

சுந்தரர் கதையைச் சொல்கிறேன். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தார், உன்னைப் பிரியமாட்டேன் என்று. பிறகு திருவாரூர் நினைப்பு வந்து எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறி நடந்து திருவெண்பாக்கத்துக்கு வந்து, கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். உள்ளிருந்து வந்த பதில் 'உளோம், போகீர்', இருக்கிறோம், நீர் போம் என்று. கூடவே ஒரு ஊன்றுகோல்.

கேட்டது கண், கிடைத்தது கோல். சுந்தரருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு அவர் நடந்தார். காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. வலக்கண் திருவாரூரில்தான், அதற்குமுன் 'வாழ்ந்து போதீரே' என்று சண்டைபோட்டுப் பதிகமே பாடிவிட்டார். பழைய திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவாமி பெயர் ஊன்றீசுவரர். அங்கே போனபோது நான் அதிக நேரம் நின்றது அந்தப் பெயரை நினைத்துத்தான்.

நாலு வருஷமாகப் பதில் இல்லை என்றால், நடுவில் கோல் ஏதாவது வந்ததா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு சிநேகிதி, நேரத்துக்கு வந்த ஒரு கைமாற்று, ஒருநாள் நல்ல தூக்கம். வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள், இல்லாததை இருப்பதாகச் சொல்லவேண்டாம்.

வேண்டிக்கொண்டால் போதுமா, நாமும் ஏதாவது செய்யவேண்டுமா?

செய்யவேண்டும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது, அடியார்களுக்குச் சோறு போட. சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதமாயிற்று. விசாரித்தால், அவர் காசுக்குக் கடையில் வட்டம் பிடிக்கிறார்கள், அதாவது மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்கள், மாற்றிச் சாமான் வாங்க நேரமாகிறது. அப்பர் காசுக்கு வட்டம் கிடையாது. ஏனென்றால் அப்பர் கையால் தொண்டு செய்கிறவர், உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு புல் செதுக்குகிறவர். சம்பந்தர் அந்த வட்டம் நீங்க 'வாசி தீரவே' என்று பாடி நல்ல காசு வாங்கினார், அது வேறு. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு. கை வேலை செய்தவனுக்குக் கிடைத்த காசு கடையில் முழு விலைக்குப் போயிற்று.

கோபம் குறைய வேண்டிக்கொள்கிறவர், கோபம் வரும் நேரம் எது என்று கவனிக்கவேண்டும். எனக்குச் சாப்பிடாமல் இருக்கும்போது வரும். அப்பா கட்டிலுக்குப் போகுமுன் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். சின்ன விஷயம்தான், பாதிக் கத்தல் அதிலேயே நின்றது.

நான் கேட்டது ஒன்று, நடந்தது வேறொன்று. எப்படி எடுத்துக்கொள்வது?

அப்பர் வயதான காலத்தில் கயிலை பார்க்கக் கிளம்பினார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், கையும் தேய்ந்து மார்பால் நகர்ந்தார், அப்புறம் உருண்டார். திரும்பிப் போ என்று சுவாமியே முனிவர் வடிவில் வந்து சொன்னபோதும் முடியாது என்றார். கடைசியில் அங்கே ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னார்கள். மூழ்கி எழுந்தது திருவையாற்றில். தஞ்சாவூர் ஜில்லா, காவிரிக்கரை. அங்கே யானை தன் பிடியோடு வருகிறது, கோழி பேடையோடு வருகிறது, எல்லாமே அம்மையப்பராகத் தெரிகிறது. ஆடி அமாவாசை அன்று இப்போதும் அங்கே அப்பர் கயிலைக் காட்சி நடக்கிறது.

கயிலை அவருக்குக் கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று கேட்டால் நான் கிடைத்தது என்பேன். ஆனால் மலைமேல் கிடைக்கவில்லை, அவர் ஏற்கெனவே அறிந்த சோழநாட்டு ஊரில், எல்லாரும் தினம் பார்க்கிற பிராணிகளில் கிடைத்தது. கிளம்பாமலே திருவையாற்றில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோழியில் அது தெரிந்திருக்குமா என்பது எனக்குப் பெரிய கேள்வி.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுமை கேட்டதற்கு இதுதான் பதில், தாங்கிக்கொள் என்கிறார்கள்.

இல்லவே இல்லை. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களுக்கு வந்திருக்கிற பதில் அந்த வீட்டை விட்டு வெளியே வருகிற தைரியமாக இருக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அம்மா வீட்டுக்குப் போங்கள், தெரிந்த யாரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். அடி வாங்குவதைப் பக்தி என்று எந்தத் திருமுறையும் சொல்லவில்லை. அரசன் ஆணை வந்தபோது அப்பர்கூடப் பணியவில்லை, 'நாமார்க்கும் குடியல்லோம்' என்றுதான் பாடினார், பிறகு சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோதும் பணியவில்லை.

நோய் வந்தால் வேண்டிக்கொண்டு காத்திருக்கலாமா?

டாக்டரிடம் போங்கள். வேண்டுதலைப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து செய்யலாம்.

கஷ்டத்தில் இருக்கிறவரிடம் 'எல்லாம் உன் நல்லதுக்கு' என்று சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். அப்பா போன பதினாறாம் நாள், நல்ல மனுஷர் ஒருவர் என் தோளைத் தட்டி, 'உங்களைப் பக்குவப்படுத்தத்தான் இவ்வளவும்' என்றார். அவர் சொன்னது ஒருவேளை நான் நம்புவதேதான். ஆனாலும் அந்த நிமிஷம் எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது. அதே நாள் எதிர்வீட்டு அக்கா ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார். இந்தப் பேச்செல்லாம் அவரவர் தன்னைப் பற்றி, தனக்குள்ளே, அதுவும் ரொம்ப நாள் கழித்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது.

இது சைவத்தில் மட்டும்தானா?

இல்லை. பாகவதத்தில் குந்தி கண்ணனிடம் ஆபத்துகள் மறுபடி மறுபடி வரட்டும் என்றே கேட்கிறாள், அப்போதுதான் உன்னைப் பார்க்கமுடிகிறது என்று. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பைபிளில் பவுல், உடம்பில் தைத்த முள்ளை எடுக்கும்படி மூன்று தடவை கேட்கிறார், முள் போகவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில் மட்டும் வருகிறது. எங்கள் உழவாரப் பணிக்கு மண்வெட்டி சாணைபிடித்துத் தருகிற பாய், கஷ்டத்தோடு இலேசும் இருக்கிறது என்று குர்ஆனில் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது என்பார். கஷ்டத்துக்கு அப்புறம் இல்லை, கஷ்டத்தோடயே, என்று அழுத்திச் சொல்வார்.

பதில் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியவில்லை, என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அப்பா படுத்து ஒன்றரை வருஷம் இருக்கும். ஒருநாள் ராத்திரி அவள் கேட்டாள்: 'இன்னிக்கு மாமா எத்தனை தடவை கேட்டார் தெரியுமா? முப்பத்தெட்டு. நான் எண்ணினேன். கடைசித் தடவையும் நீங்க, வந்தான்பா, அரை லிட்டர் வாங்கியாச்சுன்னு முதல் தடவை சொன்ன மாதிரியே சொன்னீங்க.' நான் அதைக் கவனிக்கவே இல்லை. பல்லைக் கடிக்கவில்லை, பொறுத்துக்கொள்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை. அதற்காக என் கோபம் ஒழிந்துவிட்டது என்று இல்லை, போன வாரம்கூட ரேஷன் கடை வரிசையில் சத்தம் போட்டேன்.

சரி, பயமாக இருக்கிறது. குணமெல்லாம் கேட்காமல் காசும் உடம்பு சுகமும் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிடலாமா?

தாராளமாகக் கேளுங்கள். வீழிமிழலையில் சம்பந்தர் பாடிக் கேட்டதே நல்ல காசுதான். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டும் என்று கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் காரைக்கால் அம்மையார் கேட்ட வரிசையை ஒருதடவை பாருங்கள். முதலில் அழியாத அன்பு கேட்டார், அப்புறம் பிறவாமை கேட்டார், அதற்கும் அப்புறம், ஒருவேளை பிறந்தே ஆகவேண்டும் என்றால் உன்னை மறவாமை வேண்டும் என்றார். கேட்டது கிடைக்காமல் போனாலும் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் கேட்கப் பழகினேன். 'இது சரியாகணும். ஆகாவிட்டால், அதுவரை நான் வீட்டில் எரிந்துவிழாமல் இருக்கணும்.'

இப்போது நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?

அப்பா போனபின் ஒரு காணி நிலத்துக்காகத் தம்பிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மூன்று வருஷமாகிறது. நிலம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, சத்தியமாக. அவன் பேசும்போது நடுவில் வெட்டாமல் கேட்கிற காது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவனே போன் செய்தான். நாற்பது நிமிஷம் பேசினான், பாதி எனக்கு ஏற்கமுடியாதது, ஒரு இடத்தில் அம்மாவின் வளையலைப் பற்றி அவன் சொன்னது சுத்தமாகத் தப்பு. இரண்டு தடவை வாய் திறந்தேன், ஒரு தடவை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பலாப்பழம் அவனுக்குப் பிடிக்கும், நாளைக்குச் சந்தையில் பார்க்கவேண்டும்.